வெப் ஃபார்ம்ஸை விடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எபேன் சைபர் சிட்டியில் வேலை செய்கிறேன் ஐயா. எங்கள் சம்பளக் கணக்கு மென்பொருள் முழுக்க, இணையப் பக்கங்கள் எழுத மைக்ரோசாஃப்ட் தந்த பழைய கருவியான ஏஎஸ்பி டாட்நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதியது. புதிதாக வந்த பிள்ளைகள் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுதலாம் என்கிறார்கள், முதலாளியோ ஓடுகிறவரை ஓடட்டும் என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப்போடாதீர்கள். வெப் ஃபார்ம்ஸ் 2002இல் வந்தது, வயதாகிவிட்டதுதான், ஆனால் அது ஓடும் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸின் அங்கமாகவே இருப்பதால், அந்த விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். இணையப் பக்கங்கள் எழுத கூகுள் தந்த ஆங்குலர்ஜேஎஸ் கதை வேறு, அதற்கு 2021 டிசம்பரோடு ஆதரவே நின்றுபோனது. அதில் இருந்திருந்தால் இன்றே கிளம்புங்கள் என்றிருப்பேன்.

அதற்காக முதலாளி சொல்வதும் சரியில்லை. புதிய டாட்நெட்டில் வெப் ஃபார்ம்ஸே கிடையாது, அதைக் கற்க வரும் இளைஞர்களும் குறைவு. ஏதாவது ஒரு பக்கத்தின் பின்னால் இருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள்: ஓவர்டைம், வரி, போனஸ் கணக்கெல்லாம் பட்டனை அழுத்தினால் ஓடும் நிரலுக்குள்ளேயே கிடக்கும். அதை மெல்ல உருவி, பழைய, புதிய டாட்நெட் இரண்டுக்கும் பொதுவான டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0இல் தனி நிரல் நூலகமாக எழுதினால் பழையதும் புதியதும் அதையே பயன்படுத்தலாம். பழைய சம்பளச் சீட்டுகளை வைத்துச் சோதித்துக்கொண்டே போங்கள், ஒரு சென்ட்கூட மாறக்கூடாது. அப்புறம் பக்கம் பக்கமாகப் புதியதற்கு மாற்றுங்கள். முதலில் விடுப்பு விண்ணப்பம் மாதிரி சின்னதாக ஒன்று. ஆண்டிறுதி போனஸ் போடும் டிசம்பரில் மட்டும் எதிலும் கைவைக்காதீர்கள்.