கலங்கலுக்குக் கீழே இருப்பவர்கள்

வணக்கம் ஐயா,

மேடவாக்கத்தை அடுத்த ஓர் ஏரியைக் காப்பதற்காக நான்கு குழுக்கள் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டமைப்பை உருவாக்கினோம். இப்போது ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியைத் தர முன்வந்திருக்கிறது. ஏரியை ஆழப்படுத்தி நடுவில் தீவு அமைக்க வேண்டும் என்கிறது ஒரு குழு; கூடவே கூடாது என்கிறார்கள் பறவை ஆர்வலர்கள். சென்ற கூட்டம் சண்டையில் முடிந்தது. இத்தனை குழுக்களையும் கலைத்து, ஒரே தலைமையின் கீழ் ஒரே அமைப்பாக்கினால்தான் காட்டையும் ஆற்றையும் உயிரினங்களையும் காக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க. செ.

அன்புள்ள க. செ. அவர்களுக்கு,

உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் தீர்வில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சண்டைதான் உங்கள் கூட்டமைப்பு இதுவரை செய்த உருப்படியான வேலை என்றுகூடச் சொல்வேன். ஆழப்படுத்தச் சொல்பவர் கோடையில் வற்றும் கிணறுகளை நினைக்கிறார். பறவை பார்ப்பவரோ, சேற்றிலும் கணுக்காலளவு நீரிலும் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கு, கிண்ணம்போல் வெட்டப்பட்ட ஏரியில் நிற்க இடமிருக்காது என்பதை அறிந்திருக்கிறார். இரண்டும் உண்மை. ஒரே தலைமை இருந்திருந்தால், இவற்றில் ஒன்று கூட்டத்துக்கே வந்திருக்காது. மார்ச் மாதக் கணக்கு முடிவதற்குள் பொக்லைன் வந்திருக்கும், அதற்கு முன்பாகவே பெயர்ப்பலகையும் வந்திருக்கும்.

உங்கள் சிக்கலுக்கு விடை ஏரியிலேயே இருக்கிறது. கரையும் மதகும் உள்ள பக்கம் ஆழமாகவும், நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் நுழையும் பக்கம் மெல்ல மேடேறிச் செல்வதாகவும் இருப்பதே நம் ஏரிகளின் அமைப்பு. மதகுப் பக்கத்து வண்டலை எடுங்கள்; மேட்டுப் பக்கத்தைத் தொடாதீர்கள். தீவு யாருக்கும் தேவையில்லை, புகைப்படக்காரரைத் தவிர.

அமைப்புகள் ஒன்றாகக் கரைவது வேறு, ஒரு வேலையில் கைகோப்பது வேறு. பெசன்ட் நகர் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து, பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கிறார்கள். ஆனால் கடலுக்குள் இழுவலையில் சிக்கி மூச்சடைத்துச் சாகும் ஆமையைக் கரையில் நடப்பவர் காப்பாற்ற இயலாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, விசைப்படகுகள் 5 கடல் மைலுக்குள் வந்து இழுவலை போடக் கூடாது என்ற விதியே மீண்டும் பேச்சுக்கு வந்தது. அதே விதிமீறலால் தங்கள் வலைகளையும் மீனையும் இழக்கும் சிறுபடகு மீனவர்கள் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். ஆமையை விரும்புபவரும் மீனை நம்பி வாழ்பவரும் ஒரே சங்கத்தில் சேர வேண்டியதில்லை. அந்த 5 கடல் மைல் குறித்து ஒரே மனுவில் கையெழுத்திட்டால் போதும்.

காட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பிளவு இன்னும் ஆழமானது. காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை ஏற்கும் 2006இன் வன உரிமைச் சட்டத்தை எதிர்த்துக் காட்டுயிர் அமைப்புகள் சில உச்ச நீதிமன்றம் சென்றன. பழங்குடி உரிமை அமைப்புகள் சட்டத்தின் பக்கம் நின்றன. உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற 2019 பிப்ரவரியில் வந்த உத்தரவை, அந்த மாதம் முடிவதற்குள் நீதிமன்றமே நிறுத்திவைத்தது. இவ்விரு தரப்பையும் ஓர் அமைப்பாக்கினால், எண்ணிக்கையில் சிறியவர்களின் குரல்தான் முதலில் அடங்கும். காட்டுத்தீயைத் தடுப்பதிலோ களைச்செடியான உண்ணியை அகற்றுவதிலோ இரு தரப்பும் சேர்ந்து உழைக்கலாம். மற்றவற்றில் வெளிப்படையாக மாறுபட்டு நிற்பதே நேர்மை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. நான்கு குழுக்களில், ஏரியைச் சுற்றி மாடு மேய்ப்பவரோ, மீன் பிடிப்பவரோ, கீழே உள்ள ஏரியைச் சேர்ந்தவரோ இருப்பதாகத் தெரியவில்லை. நம் ஏரிகள் தொடர் ஏரிகள். ஒன்று நிரம்பியதும், உபரிநீர் வெளியேறும் அமைப்பான கலங்கலில் வழியும் நீர்தான் அடுத்ததன் வரத்து. உங்கள் பகுதியின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர், 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளத்தில் கடலை அடைகிறது. நீங்கள் கலங்கலை ஓரடி உயர்த்தினால், மேலே நீர்ப்பிடிப்பில் குடியிருக்கும் எளியவர்களின் வீட்டில் தண்ணீர் புகும். கீழே வரத்து குறையும். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் குடிசையைக் கண்டதும் உரக்கவும், அடுக்குமாடிக் குடியிருப்பைக் கண்டதும் தணிந்தும் ஒலிப்பதை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் எப்படி ஒலிக்கிறது என்று கவனியுங்கள்.

ஆகவே, குழுக்களைக் கலைக்க வேண்டாம். நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கலங்கல் வழியும் நாளொன்றில், நான்கு குழுக்களிலிருந்தும் ஆளுக்கொருவர் அந்தத் தண்ணீரோடு நடந்து சதுப்புவரை சென்று வாருங்கள். வழியில் எதிர்ப்படுபவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களையும் அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் அந்தக் கூட்டத்தை வையுங்கள்; ஞாயிறு காலை பத்து மணி அவர்களுக்கு ஒத்துவராது.