கணுக்கால் பிசகினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கால் பிசகி ஒரு வாரம் ஆகிறது, சும்மா உட்கார முடியவில்லை என்கிறீர்கள். முதலில் ஒன்று: அடிபட்டதும் நாலு அடி எடுத்து வைக்க முடிந்ததா? இல்லையென்றாலோ, கணுக்கால் முண்டின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலும் பாதம் உள்பக்கம் மடங்கி, வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இழுபட்டிருக்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு போதும். 1978-இல் "ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தல்" முறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் மாற்றிச் சொன்னார். (வீங்கிய காலில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவ மட்டும் விடாதீர்கள்.)

இப்போதைக்கு சைக்கிள், நீச்சல். பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நின்று பாருங்கள். பத்து விநாடிக்குள் தள்ளாடும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் லிகமென்ட்டோடு சேர்ந்து அடிவாங்கியிருக்கும். ஒருமுறை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம். வலியில்லாமல் அந்தக் காலில் குதிக்க முடிந்த பிறகு மெதுவாக ஓடுங்கள். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால், முந்தைய நாள் ஓடியது அதிகம்.