எஃப்68 செல்லைக் காக்கிறது, எல்61 கொல்கிறது: ஏன்?

கேள்வி: குலுக்குக் குடுவையில் வளரும் செல்களுக்கு 0.1% புளூரோனிக் எஃப்68 என்ற பாலிமரைச் சேர்க்கிறோம்; நன்றாக இருக்கின்றன. எஃப்68-க்குப் பதில் எல்61 அதே 0.1% சேர்த்தால், சவ்வு சிதைந்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் புளூ சாயம் ஏறி நீலமாகிவிடுகின்றன. இரண்டும் ஒரே வகைப் பாலிமர்தானே?

பதில்: விடை பெயரிலேயே இருக்கிறது. இரண்டும் நடுவில் பாலிபுரொப்பிலீன் ஆக்சைடும் இருபுறமும் பாலிஎத்திலீன் ஆக்சைடு வால்களும் கொண்ட சங்கிலிகள். கடைசி இலக்கம் பாலிஎத்திலீன் ஆக்சைடின் பங்கு: 8 என்றால் 80%, 1 என்றால் 10%. அதற்கு முந்தைய எண்ணை 300-ஆல் பெருக்கினால், நடுவிலுள்ள பாலிபுரொப்பிலீன் ஆக்சைடின் தோராய நிறை. 6 என்பதால் இரண்டிலும் ஏறத்தாழ 1800. அதாவது, நீரை வெறுக்கும் நடுப்பகுதி இரண்டுக்கும் ஒன்றுதான். மாறுவது இருபுற வால்கள்.

எஃப்68-இல் ஒவ்வொரு வாலிலும் 75-க்கு மேற்பட்ட எத்திலீன் ஆக்சைடு அலகுகள். அவை நீரை விட்டு வர மறுப்பதால் நடுப்பகுதி சவ்வுக்குள் எளிதில் இறங்காது. சவ்வு கிழிந்து லிப்பிடுகள் தளர்ந்த இடத்தில் மட்டும் நுழையும்; அடுக்கு மீண்டும் நெருங்கியதும் வெளியே தள்ளப்படும். காற்றுக் குமிழியின் பரப்பையும் அது மூடிக்கொள்வதால், செல்கள் குமிழியில் ஒட்டி, அது வெடிக்கும்போது சிதைவதில்லை. உங்கள் குடுவையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

எல்61-இன் வால்களில் இரண்டு மூன்று அலகுகளே உண்டு. பிடித்து நிறுத்த ஆளில்லை. சவ்வு லிப்பிடுகளின் கொழுப்பு வால்களுக்கிடையே புகுந்து அடுக்கைக் குலைக்கும், லிப்பிடுகள் சவ்வின் ஒரு படலத்திலிருந்து மறு படலத்துக்குப் புரள்வதை விரைவாக்கும். சவ்வு கசியும்.

எடைச் சதவீதத்தில் ஒப்பிட்டதும் பிழை. 0.1% என்பது லிட்டருக்கு 1 கிராம். எஃப்68-இன் மூலக்கூறு நிறை சுமார் 8400, எனவே 0.12 மில்லிமோலார், எல்61-க்குச் சுமார் 2000, எனவே 0.5 மில்லிமோலார்; அதாவது எல்61 மூலக்கூறுகள் ஏறத்தாழ நான்கு மடங்கு. போதாக்குறைக்கு, 37 டிகிரியில் எல்61 கரைசல் கலங்கித் துளிகளாகப் பிரியும். துளி தொட்ட செல்லுக்குக் கிடைப்பது நீங்கள் கணக்கிட்ட அளவல்ல.

எல்61 கட்டாயம் வேண்டுமென்றால் 0.0001%-இலிருந்து பத்து மடங்காக ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு அளவையும் 37 டிகிரியில் வைத்துக் கலங்கலைக் கவனித்த பிறகே செல்லில் விடுங்கள். எட்டாயிரம் நிறையுள்ள பாலிஎத்திலீன் கிளைக்காலை எஃப்68-க்கு ஒப்பீடாக வையுங்கள். நடுப்பகுதி இல்லாதபோது என்ன ஆகிறது என்று தெரியும். டிரிப்பான் புளூவோடு, செல் கசிந்தால் வெளியேறும் எல்டிஎச் நொதியையும் ஊடகத்தில் அளப்பது மேல். ஆனால் உடைத்த செல்சாற்றிலும் பாலிமரைச் சேர்த்து, அது அந்தச் சோதனையையே கெடுக்கவில்லை என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சீரம் உள்ள ஊடகத்தில் கண்ட பாதுகாப்பான அளவை, சீரம் இல்லாததற்கு அப்படியே மாற்ற வேண்டாம். சீரத்தின் லிப்போபுரதங்கள் பாலிமரில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கும்.

நன்றாயிருந்த எஃப்68 ஒருநாள் செல்களைக் கொன்றால் தொகுதி எண்ணைப் பாருங்கள். ஈத்தர் பிணைப்புகள் காற்றிலும் ஒளியிலும் ஆக்சிஜனேற்றமடைந்து பெராக்சைடும் ஆல்டிஹைடும் தரும். 10% கரைசலைக் குளிர்ந்த நீரில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு குப்பிகளில் இருட்டில் வையுங்கள். பெராக்சைடு சோதனைப் பட்டை நிறம் மாறினால் கொட்டிவிடுங்கள்.