குளித்த மறுநாளே தலையில் வாடை ஏன்?

இடுப்பு வரை முடி இருக்கிறது. தினமும் இரவு தேங்காய் எண்ணெய் வைத்து, செவ்வாய், வெள்ளி தலைக்குக் குளிக்கிறேன். மறுநாள் மாலையே புளித்த வாடை வருகிறது. பாடி ஸ்ப்ரே அடித்தும் போகவில்லை. என்ன செய்வது?
— வாசகி, குரோம்பேட்டை

வாடை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். காய்ந்த பஞ்சால் உச்சி, காதின் பின்புறம், பிடரி மூன்றையும் அழுத்தித் துடைத்து முகருங்கள். பிறகு பின்னலைப் பிரித்து அதன் நடுப்பகுதியைத் தனியாக முகருங்கள். பஞ்சில் புளிப்போ காறல் வாடையோ இருந்தால் கோளாறு தோலில். பஞ்சில் ஒன்றும் இல்லாமல் பின்னலுக்குள் மட்டும் காயாத துணி வாடை அடித்தால், முடி ஈரத்தோடு கட்டப்படுகிறது. உங்களுக்கு இரண்டுமே இருக்க வாய்ப்பு அதிகம்.

வியர்வைக்கென்று பெரிதாக நாற்றம் கிடையாது. தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் உண்டு. சுரக்கும் கொழுப்பை உடைத்துத்தான் அது வாழ்கிறது. உடைந்த கொழுப்பு அமிலங்கள் தோலை எரிச்சல்படுத்தி அரிப்பையும் பொடுகையும் கிளப்பும். தோலில் தங்கும் அழுக்கெண்ணெயும் பாக்டீரியாவும் சேரும்போது வாடை வருகிறது. அதன்மேல் தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் தூசியும் செதிலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இரவு எண்ணெயை நிறுத்துங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் 2 தேக்கரண்டி வைத்தால் போதும். தேங்காய் எண்ணெயால் பயன் பெறுவது முடிதான், வேர்த்தோல் அல்ல.

குளிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி ஷாம்புவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் ஊற்றி விரல் நுனியால் தேயுங்கள். எண்ணெய்த் தலையில் முதல் முறை நுரை வராது. அந்த ஷாம்பு எண்ணெயை எடுப்பதிலேயே தீர்ந்துவிடும். பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் முறை போட்டு நுரை வந்தால்தான் தலை சுத்தம். கண்டிஷனரைத் தோலில் படாமல் நுனிக்கு மட்டும் போடுங்கள். பிடரியில் ஷாம்பு தங்காமல் அலசுவது முக்கியம்.

அடுத்தது காய வைப்பது. பழைய பருத்தித் துண்டால் 10 நிமிடம் சுற்றி, பிறகு விரித்துவிட்டு மின்விசிறியின் கீழ் பிடரி காயும்வரை இருங்கள். ட்ரையர் என்றால் குளிர்காற்றில், ஒரு சாண் தள்ளி. அடர்த்தியான முடி மேலே காய்ந்தது போலத் தெரியும். கழுத்தோரம் விரலை விட்டால் ஈரம் தட்டும். அந்த நிலையில் பின்னி, மேலே மல்லிகைச் சரமும் வைத்துப் பேருந்தில் ஏறினால் மாலைக்குள் வாடை கட்டாயம். வெள்ளிக்கிழமை காலைதான் குளிக்க வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பு இருந்தால், சீக்கிரம் எழுவதைத் தவிர வழியில்லை. கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கலாம். குளியலறையில் உதிர்வது பெரும்பாலும் ஏற்கெனவே விழத் தயாராக இருந்த முடி. அதற்காகக் குளியலைக் குறைக்க வேண்டாம்.

அரிப்பும் எண்ணெய்ப் பிசுக்குள்ள மஞ்சள் செதிலும் இருந்தால் 2 சதவீத கீட்டோகோனசோல் (பூஞ்சையை அடக்கும் மருந்து) ஷாம்பு உதவும். சாதாரண ஷாம்புவால் எண்ணெயை எடுத்த பிறகு இதைத் தோலில் தடவி, 5 நிமிடம் விட்டு அலசுங்கள். போட்ட உடனே அலசுவதால்தான் பலருக்கு இது வேலை செய்வதில்லை. வாரம் இருமுறை, 4 வாரம். பிறகு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை. 4 வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ப்ரேயைத் தூக்கிப் போடுங்கள். அது வாடையோடு கலந்து மூன்றாவதாக ஒரு வாடையைத்தான் உண்டாக்கும்.

சீயக்காய் மட்டுமே போடுகிறேன். அப்படியும் தலையில் ஒரு கஞ்சி வாடை.
— வாசகர், கும்பகோணம்

வடித்த கஞ்சியில் கரைத்துப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கஞ்சி தோலில் ஒட்டினால் புளிக்கும். அன்று வடித்த கஞ்சியையே சேருங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பொடியை மெல்லிய துணியில் சலியுங்கள், திப்பி வேர்க்காலில் தங்காது. கடைசியில் வெறும் தண்ணீர் தாராளமாக ஊற்றுங்கள். எண்ணெய் அதிகம் தேய்த்த நாளில் சீயக்காய் ஒருமுறை போட்டால் போதாது.

உணவு டெலிவரி வேலை. நாள் முழுக்க ஹெல்மெட். கழற்றினால் எனக்கே குமட்டுகிறது.
— வாசகர், கோவை

தலையைக் கழுவிவிட்டு அதே ஹெல்மெட்டை மாட்டினால் பயனில்லை. உள்ளே இருக்கும் பஞ்சுத் துணி பெரும்பாலான ஹெல்மெட்டுகளில் பட்டனோடு கழன்று வரும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு 15 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி, நிழலில் முழுசாகக் காயவையுங்கள். கழலாத ரகம் என்றால் ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். உள்ளிருக்கும் தெர்மோகோல் அடுக்கு கரைந்து ஹெல்மெட்டின் பாதுகாப்பே போய்விடும். உள்ளே பருத்திக் குல்லா போடுங்கள். மூன்று நான்கு வாங்கி மதியம் ஒன்று மாற்றுங்கள். வண்டியை நிறுத்தும்போது ஹெல்மெட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் காற்றுப்பட வையுங்கள். தலையணை உறையை மூன்று நாளுக்கு ஒருமுறை துவைக்கவும்.

7 வயது மகனுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டி, வீங்கி, சீழ் வாடை வருகிறது. பாட்டி கற்பூரம் போட்ட எண்ணெய் தடவச் சொல்கிறார்.
— வாசகி, திருநெல்வேலி

தடவாதீர்கள். கற்பூரம் குழந்தையின் உடலுக்குள் போனால் வலிப்பு வரலாம். நீங்கள் சொல்வது தலைப் படர்தாமரை முற்றிய நிலையாக இருக்கலாம். பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் களிம்போ ஷாம்புவோ மட்டும் போதாது. உள்ளுக்குப் பல வாரம் மருந்து சாப்பிட வேண்டும். தாமதித்தால் அந்த இடத்தில் தழும்பாகி முடி நிரந்தரமாக வளராமல் போகலாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். சீப்பு, தொப்பி, துண்டு தனியாக வையுங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளின் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பூனை, நாய் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முட்டையும் வெங்காயச் சாறும் போட்ட பிறகு வாடை போகவே இல்லை.
— வாசகி, சேலம்

முட்டையைச் சுடுதண்ணீரில் அலசியிருப்பீர்கள். அது முடியிலேயே வெந்து ஒட்டியிருக்கும். பச்சைத்தண்ணீரில் நன்றாக அலசி, பிறகு ஷாம்பு போடுங்கள். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் இரண்டு மூன்று முறை ஷாம்புக்குப் பிறகே குறையும். எலுமிச்சையைச் சாறாகவே பிழிந்து தேய்க்காதீர்கள், தோல் எரியும். சமையல் சோடாவும் வேண்டாம்; அது காரம், தலைத்தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது.

மாமியார் படுத்த படுக்கை. தலைக்கு ஊற்ற முடியவில்லை, அறையே வாடை அடிக்கிறது.
— வாசகி, மதுரை

படுக்கையிலேயே கழுவலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். தலையணையை எடுத்துவிட்டு, தோளுக்குக் கீழ் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். துண்டைச் சுருட்டி லாட வடிவில் விரிப்பின் கீழ் வைத்தால், தண்ணீர் பக்கவாட்டில் ஓடாமல் கட்டில் ஓரத்து வாளியில் விழும். காதில் பஞ்சு, கண்ணில் மடித்த துணி. ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஷாம்பு போதும். அதிகமானால் அலச முடியாது. நான்கைந்து குவளையில் அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள். வாரம் ஒருமுறை செய்யலாம்.

கழுவும்போது பின்மண்டையை விரலால் தடவிப் பாருங்கள். தொடர்ந்து ஒரே பக்கம் அழுந்தினால் அங்கே படுக்கைப்புண் வரலாம். முடி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, வாடைதான் முதலில் காட்டும். சிவப்போ ஈரமோ கசிவோ இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காமல், தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, அன்றே மருத்துவரையோ செவிலியரையோ கூப்பிடுங்கள்.