பிச்சாவரம் சார்ட்: அந்தக் கடைசி அம்புக்குறி

வணக்கம் சார். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டோட உணவுச் சங்கிலியை, சுரபுன்னை மர இலை, இறால், கொடுவா மீன் குஞ்சு, நீர்க்காகம்னு சார்ட்ல வரிசையா வரைஞ்சு, நீர்க்காகத்துலேர்ந்து மறுபடி இலைக்கே ஒரு அம்பு போட்டு வட்டமாக்கியிருக்கா உங்க பொண்ணு. டீச்சர் அதை அடிச்சிட்டாங்க. "சத்து சுழலும்னு புத்தகத்துலயே இருக்கே"ன்னு கேட்டிருக்கீங்க. சுழலும், ஆனா ஆற்றல் சுழலாது. ஒரே அம்புல ரெண்டையும் காட்டினதுதான் சிக்கல்.

இலையில 1000 ஜூல் ஆற்றல் இருந்தா இறாலுக்குச் சுமார் 100, கொடுவாவுக்கு 10, நீர்க்காகத்துக்கு 1. இந்த 10 சதவீதம் தோராயக் கணக்குதான், இடத்துக்கு இடம் மாறும். மீதியில பெரும்பங்கு மூச்சு விடுறதுலயும் நீந்துறதுலயும் வெப்பமாப் போயிடும். தின்னாததும் செரிக்காததும் கழிவாச் சேத்துல விழும். வெளியேறின வெப்பத்தை எந்தச் செடியாலயும் திரும்பப் பிடிக்க முடியாது. அதனாலதான் தினமும் வெயில் வேணும்.

சத்து, அதாவது கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், இதுங்க கதை வேற. எச்சமும் செத்த உடலும் சேத்துல விழுந்து, பாக்டீரியாவும் பூஞ்சையும் சிதைச்ச பிறகு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேருக்குப் போகும். கார்பன், மூச்சுல கார்பன் டை ஆக்சைடா வெளியேறி இலைக்குள்ள நுழையும். சிதைப்பவை இல்லாம நேரா அம்பு போட்டா அதுவும் தப்பு.

இன்னொண்ணு, டீச்சர் கவனிக்காம விட்டது: இறால் பச்சை இலையைக் கொறிக்காது. உதிர்ந்து ஊறி, பாக்டீரியா படிஞ்ச மக்கல் துணுக்கைத்தான் தின்னும். 'இலை'யை 'மக்கிய இலை'ன்னு மாத்தச் சொல்லுங்க. ஆற்றலுக்குச் சிவப்பு அம்பு, ஒவ்வொரு படியிலயும் வெளியே ஒரு வெப்ப அம்பு. சத்துக்குப் பச்சை, அது மட்டும் வட்டமா.