கீழக்கரைக் கடைக்கு எந்த மடிக்கணினி?

வணக்கம். கடலோரத்திலுள்ள தங்கள் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுத டெல், ஹெச்பி, லெனோவோ ஆகியவற்றுள் எது நெடுநாள் உழைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் பெயரைவிட மாதிரி வரிசையே முக்கியம்: டெல்லின் இன்ஸ்பிரான், ஹெச்பியின் பெவிலியன், லெனோவோவின் ஐடியாபேட் ஆகியவை வீட்டுப் பயன்பாட்டுக்கானவை, அதே வரிசைப்படி அவற்றின் லாட்டிட்யூட், புரோபுக், திங்க்பேட் ஆகியவை அலுவலகத்துக்கென்று செய்யப்பட்டவை என்பதால் கட்டமைப்பு உறுதியாக இருக்கும், பழுது பார்ப்பதும் எளிது. (2005இல் ஐபிஎம்மிடமிருந்து லெனோவோவுக்கு வந்த திங்க்பேட்டின் விசைப்பலகைக்காகவே நான் அதன் பக்கம் சாய்வேன்.)

ஆனால் தங்கள் ஊரில் உண்மையான எதிரி உப்புக்காற்றுதான். விசிறி உள்ளிழுக்கும் ஈரக்காற்றோடு சேரும் உப்பு, மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடங்களையும் இணைப்பு முனைகளையும் அரித்துவிடும். இதற்கு எந்த நிறுவனமும் விலக்கல்ல. விசிறியே இல்லாத ஆப்பிளின் மேக்புக் ஏர் ஓரளவு தப்பலாம், எனினும் டேலி விண்டோசுக்கானது என்பதால் அது தங்களுக்குப் பொருந்தாது. ஆகவே அலுவலக வரிசையில் ஒன்றை, கடைக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதத்துடன் வாங்கி, கடலைப் பார்த்த சன்னலிலிருந்து தள்ளியே வையுங்கள்.