ரோம் நகரில் பூனைப் பிரியர்கள் எங்கே போகலாம்?

முதல்முறையாக ரோமுக்குப் போகிறீர்கள், இரண்டு நாள் கையில் இருக்கிறது, பூனை என்றால் உயிர், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் அந்த ஊரில் கொஞ்ச காலம் தங்கியிருந்திருக்கிறேன். பூனைகளைத் தேடி அலைவதைவிட, அவற்றுக்குச் சோறு போடுகிறவர்களைத் தேடிப் போங்கள். ரோமில் பார்க்கவேண்டியது அந்த மனிதர்களையும் சேர்த்துத்தான்.

முதலில் லார்கோ தி தோர்ரே அர்ஜென்டினா. ஊரின் நட்டநடுவில், எந்நேரமும் பஸ்கள் வந்துபோகும் சதுக்கம். அதன் நடுவே, சாலையிலிருந்து பல அடி கீழே, பழைய ரோமானியக் குடியரசுக் காலத்துக் கோயில்கள் நான்கின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1920களில் அங்கிருந்த கட்டடங்களை இடித்தபோது வெளிப்பட்டவை அவை. கோயில்களுக்குப் பின்னால், பாம்பே என்ற ரோமானியத் தளபதி கட்டிய மன்றத்து அடித்தளக் கற்கள் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. கி.மு. 44, மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற மன்றம் அதுதான். அந்தக் கற்களின்மேல் இப்போது பூனைகள் கால் நீட்டிப் படுத்திருக்கின்றன. உடைந்த தூணொன்றின் தலையில் ஒன்று, புல்லுக்குள் ஒன்று, படிக்கட்டு நிழலில் இரண்டு என்று கண் பழகப் பழகத்தான் எண்ணிக்கை கூடும். முதல் பார்வையில் ஒன்றுமே தெரியாது. அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

சாலையோரக் கம்பி வேலியருகே நின்று பார்க்கக் காசு வேண்டாம். 2023 முதல் டிக்கெட் எடுத்து இடிபாடுகளுக்கு நடுவே நடந்து பார்க்க நடைபாதை அமைத்திருக்கிறார்கள். வரலாற்றில் ஆர்வம் இருந்தால் போகலாம். பூனைகளுக்காகப் போகிறவர்கள் சதுக்கத்தின் தென்மேற்கு மூலைக்கு நடந்து, அங்கே கீழே இறங்கும் படிகளைப் பிடிக்கவேண்டும். அங்கேதான் பூனைக் காப்பகம் இருக்கிறது. 1990களில் சில பெண்கள் சேர்ந்து ஒழுங்குபடுத்தி வளர்த்த இடம். இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. மதியவாக்கில் திறப்பார்கள், மாலை வரை இருக்கும்.

உள்ளே தாழ்ந்த கூரை. கூண்டுகள், மடித்து வைத்த பழைய துண்டுகள், அடுக்கடுக்காக எவர்சில்வர் கிண்ணங்கள். நான் போயிருந்தபோது வயதான அம்மா ஒருவர் ஒரு செம்பூனையைத் துண்டில் குழந்தையைப்போல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். பூனைக்கு ஒரு கண்தான். இருக்கிற கண்ணும் பீளை கட்டியிருந்தது. இடது கை விரல்களால் இமையைப் பிரித்து, களிம்பை ஓரத்தில் வைத்து, இமையை மூடி மெல்ல நீவிவிட்டார். அந்தப் பூனை ஒருமுறைகூட நகத்தை நீட்டவில்லை. எத்தனை நாள் பழக்கமாக இருக்கவேண்டும் அது! இப்படிக் கண் தெரியாதவை, கால் இழந்தவை, யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து விட்டுப்போனவை எல்லாம் அங்கே வந்து சேருகின்றன. நலமாக இருப்பவை இடிபாடுகளுக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன.

தெருப்பூனைகளுக்குச் சோறு போடும் பெண்களை அந்த ஊரில் 'கத்தாரா' என்கிறார்கள். ஒவ்வொரு பேட்டையிலும் அப்படி யாராவது இருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. இத்தாலியின் 1991ஆம் ஆண்டு 281ஆம் எண் சட்டப்படி, சுதந்திரமாக வாழும் பூனைகளை யாரும் துன்புறுத்தக் கூடாது. அரசுக் கால்நடை மருத்துவத் துறை அவற்றுக்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். கடுமையான அல்லது தீராத நோய் இருந்தாலொழியக் கொல்லக் கூடாது. 2001இல் ரோம் நகராட்சி, இடிபாடுகளில் வாழும் பூனைகளை நகரின் பாரம்பரியத்தில் ஒரு பகுதியாகவே அறிவித்தது. நம் ஊரில் பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைத் தெரிந்துகொண்டபோது மனம் நிறைந்துபோனது.

ஆனாலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2012இல், தொல்லியல் இடத்தில் காப்பகம் இருக்கக் கூடாது, காலி செய்யுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பூனைப் பிரியர்கள் திரண்டு எதிர்த்தார்கள். காப்பகம் அங்கேயே நீடிக்கிறது. கல்லைக் காப்பதற்காக உயிரை விரட்டவேண்டியதில்லை என்பதுதான் என் கட்சியும்.

இரண்டாவது இடம் பிரமிடு. ரோமில் ஏது பிரமிடு என்று யோசிக்காதீர்கள். மெட்ரோ 'பி' தடத்தில் பிரமிதே நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வெள்ளைப் பளிங்கில் நிற்கிறது. கையுஸ் செஸ்தியுஸ் என்பவருடைய கல்லறை, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, உயரம் சுமார் 36 மீட்டர். 330 நாளில் கட்டி முடித்ததாக அதன்மேலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அவுரேலியன் மதில் எழுப்பியபோது பிரமிடையும் மதிலோடு சேர்த்துவிட்டார்கள். அதன் அடிவாரத்தில் ஒரு பூனைக் குடியிருப்பு இருக்கிறது. மதில்மேல் பூனையை நிஜமான மதில்மேல் பார்க்கவேண்டுமானால் இங்கே வாருங்கள்.

ஒட்டினாற்போலக் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கான பழைய கல்லறைத் தோட்டம். ஆங்கிலக் கவிஞர்கள் கீட்ஸ், ஷெல்லி இருவரின் கல்லறைகளும், இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியின் கல்லறையும் இங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது, முடிந்ததை நன்கொடையாகப் போடலாம். ரோமில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சைப்ரஸ் மரங்களுக்குக் கீழே நடக்கும்போது ஏதாவது ஒரு பூனை நமக்கு முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். கல்லறைகளுக்கு மரியாதை கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பசித்தால் பக்கத்தில் தெஸ்தாச்சோ சந்தை இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓஸ்தியென்சே பக்கம் நடந்தால் ரோமியாவ் என்ற பூனை உணவகம் இருக்கிறது. இறைச்சி, பால் எதுவும் சேர்க்காத சாப்பாடு, மேசைகளுக்கு நடுவே வளர்ப்புப் பூனைகள். முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

மூன்றாவது, உயிரில்லாத பூனை. தோர்ரே அர்ஜென்டினாவிலிருந்து சில நிமிட நடையில் வியா தெல்லா கத்தா என்ற சந்து வருகிறது. கிராத்சியோலி மாளிகையின் சுவரில், மேலே விளிம்பில், சின்னப் பளிங்குப் பூனை ஒன்று நிற்கிறது. அந்தப் பகுதியில் இருந்த ஐசிஸ் என்ற எகிப்தியத் தேவதையின் பழைய கோயிலிலிருந்து வந்தது. அது பார்க்கும் திசையில் புதையல் இருக்கிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

கொலோசியத்தில் பூனைக்கூட்டம் இருக்கும் என்று பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். முன்புபோல் அங்கே பூனைகள் இல்லை. அதற்காக வருந்தாதீர்கள். பல ஆண்டுகளாகக் கருத்தடை நடந்திருக்கிறது. பசியில் குட்டி போட்டுக் குட்டி சாகும் நிலைமை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். காதின் நுனி லேசாக வெட்டப்பட்ட பூனையைப் பார்த்தால், யாரோ அதைப் பொறுப்பாகப் பிடித்துக்கொண்டுபோய் மருத்துவம் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கோடையில் போனால் நடுமதியத்தைத் தவிருங்கள், பூனைகள் கற்களுக்கு அடியில் போய்விடும். குளிர்காலத்தில் வெயில் விழும் பளிங்கெல்லாம் அவற்றுக்குத்தான். பிப்ரவரி 17 இத்தாலியில் தேசியப் பூனை நாள், அந்தச் சமயம் அமைந்தால் இன்னும் நல்லது. பையில் பால் கொண்டுபோகாதீர்கள், பல பூனைகளுக்கு அது வயிற்றைக் கெடுக்கும். மீதிச் சாப்பாடும் வேண்டாம். எந்தப் பூனைக்கு என்ன கொடுக்கலாம் என்பது அங்கிருப்பவர்களுக்குத்தான் தெரியும். வேலியைத் தாண்டி இறங்கவும் வேண்டாம்.

உதவ நினைத்தால் தோர்ரே அர்ஜென்டினா காப்பகத்தின் சிறிய கடையில் நாட்காட்டியோ காந்த வில்லையோ வாங்குங்கள், அந்தப் பணம் பூனைகளுக்கே போகிறது. தொலைவிலிருந்தே ஒரு பூனையைத் தத்தெடுக்கும் ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். செலவை நீங்கள் ஏற்கிறீர்கள், பூனை ரோமிலேயே இருக்கும். வீட்டுக்குப் போகும் வாய்ப்புக் குறைவான கிழப்பூனைகளையும் ஊனமுற்றவற்றையும் கேட்டு எடுங்கள்.